ஆர்லீஸின் ஊறுகாயும் என் பிக்கப்பும்

இந்தக் குளிர்காலம் அரிசோனாவில்தான் என்று நான் முடிவு செய்தேன். நானே முடிவு செய்தேன். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் நான் தனியாக எடுத்த முதல் முடிவு என்பதால் தேதிகூட ஞாபகம் இருக்கிறது. செப்டம்பர் நாலு, காலை பத்து மணி. ஆர்லீஸ் பல் டாக்டரிடம் போயிருந்தாள்.

தெற்கு டகோடாவின் ஜனவரியை முப்பத்துநாலு வருஷம் அனுபவித்தவன் நான். கிராமத் தபால்காரன். காப்பியை வெளியே ஊற்றினால் தரையில் விழும்போது டங் என்று சத்தம் வரும். எங்கள் ஊரில் ஓய்வு பெற்றவர்கள் அக்டோபர் கடைசியில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு தெற்கே அரிசோனாவுக்கு ஓடிவிடுவார்கள். ஏப்ரலில் வெயிலில் சிவந்த மூக்கோடு திரும்பி வந்து, "வாசல்லயே ஆரஞ்சு மரம், கைய நீட்டினா பழம்" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

ஆகவே வாங்கினேன். முப்பத்துநாலு அடி டிரெய்லர். பம்பரில் மாட்டி இழுக்கிற சாதா வண்டி இல்லை. நீண்ட கழுத்து ஒன்று முன்னால் வரும். அது என் பிக்கப் லாரியின் திறந்த முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஐந்தாம் சக்கர வண்டி என்பார்கள். கழுத்துக்கு மேலே படுக்கையறை, நடுவில் சாய்வு நாற்காலி இரண்டு, பின்கோடியில் சமையலறை. போதாக்குறைக்குப் பொய் நெருப்பு எரிகிற ஒரு கணப்பு.

ஆர்லீஸ் ஒரு கன்னம் வீங்கித் திரும்பி வந்தாள்.

"என்னங்க இது, வாசல்ல ஒரு வீடு நிக்குது?"

"நம்ம வீடுதான்."

"நம்ம வீடு அதுக்குப் பின்னாடி இருக்கு. தெரிய மாட்டேங்குது, அவ்வளவுதான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. டிரெய்லரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். டயரைத் தொட்டுப் பார்த்தாள். திட்டாத ஆர்லீஸ் யோசிக்கிற ஆர்லீஸ்.

"எவ்வளவு எடை?"

"சாமானோட பதினோராயிரத்து ஐநூறு பவுண்டு. நம்ம பிக்கப் பதினாலாயிரம் இழுக்கும். விளம்பரத்துலயே போட்டிருக்கான். இன்னும் ரெண்டு மாட்டைக்கூடப் பின்னாடி கட்டலாம்."

"இழுக்கும் சரி. சுமக்குமா?"

"இழுக்கறதுன்னா சுமக்கறதுதானே?"

ஆர்லீஸ் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். முப்பத்தொரு வருஷம் எங்கள் ஊர்த் தானியக் கிடங்கின் எடை மேடையில் வேலை பார்த்தவள் அவள். சோள லாரி வந்து நிற்கும்போதே ஜன்னல் வழியாக ஒரு நோட்டம் விட்டு, "அறுபத்தோராயிரம்" என்பாள். மேடை அறுபத்தோராயிரத்து நாற்பது காட்டும். நான் அவுன்ஸ் கணக்கில் நிறுத்தவன். அவள் டன் கணக்கில் நிறுத்தவள். எங்கள் வீட்டில் யார் சொல் எடுபடும் என்று இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அவள் பிக்கப்பின் கதவைத் திறந்து, நிலையில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டில் விரலை வைத்தாள். ஒரு வருஷமாக அந்தக் கதவை நாளுக்கு நாலு தடவை திறந்திருக்கிறேன். அங்கே ஒரு சீட்டு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"படிங்க."

"ஆளும் சாமானும் சேர்த்து ரெண்டாயிரத்து அறுநூத்தி நாப்பது பவுண்டுக்கு மேல போகக் கூடாது."

"வண்டியோட சொந்த எடை ஏழாயிரத்து முந்நூத்தி அறுபது. ரெண்டையும் கூட்டுங்க."

"பத்தாயிரம்."

"டிரெய்லர் கழுத்து இதோட முதுகுலதானே உக்காருது? மொத்த எடையில அஞ்சுல ஒரு பங்கு இங்கதான் இறங்கும். அதுவே ரெண்டாயிரத்து முந்நூறு. மாட்டற இரும்பு நூத்தி எம்பது. நான் நூத்தி இருபது. நீங்க?"

"இருநூத்திப் பத்து. லைசென்ஸைப் பாரு."

"லைசென்ஸ் எப்ப எடுத்தது?"

"அதை விடு. நம்ம எஞ்சின் சும்மா சிங்கம் மாதிரி..."

"சிங்கம் மேடு ஏத்தும். மலை இறக்கத்துல யாருங்க நிறுத்தறது? பிரேக்கும் டயரும் அச்சும்தான். அச்சு முறிஞ்சு பள்ளத்துல கிடந்த சோள லாரிய நான் கண்ணால பார்த்திருக்கேன். அந்த ஓட்டுநரும் 'இழுக்கும் இழுக்கும்'னுதான் சொல்லிட்டுப் போனான்."

கடைசியில் ஒப்பந்தம் போட்டோம். அதாவது அவள் சொன்னாள், நான் தலையாட்டினேன். டிரெய்லரை மாட்டி, நாங்கள் இருவரும் ஏறி உட்கார்ந்து, பிக்கப்பின் நாலு சக்கரமும் எடை மேடைமேல் நிற்க, பத்தாயிரத்துக்குள் காட்டினால் அரிசோனா. அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கெடு. முடியாவிட்டால் டிரெய்லரை விற்றுவிட்டு, குளிர்காலம் முழுக்க ஃபார்கோவில் அவளுடைய அக்கா வெர்னா வீட்டில்.

ஃபார்கோ எங்களுக்கு வடக்கே இருக்கிறது. குளிரிலிருந்து தப்பிக்க வடக்கே போகிறவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். போதாததற்கு வெர்னா. ஒரு ரொட்டித் துண்டை மூன்று வேளைக்கு வைத்துக்கொள்கிற மனுஷி. அவள் வீட்டுப் பூனைகூட என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவன் இங்கே எதற்கு" என்கிற மாதிரி போய்விடும்.

முதல் நிறுவை அக்டோபர் முதல் ஞாயிறு. சர்ச் முடிந்து எல்லோரும் காப்பி குடிக்கப் போனபோது நாங்கள் கிடங்குக்குப் போனோம். சாவி இன்னும் ஆர்லீஸிடம்தான் இருந்தது. பிக்கப்பை மேடையில் ஏற்றி, டிரெய்லரின் சக்கரங்களை மேடைக்கு வெளியே நிறுத்தினேன். பலகையில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன.

10,420.

"நானூத்தி இருபது அதிகம்" என்றாள் ஆர்லீஸ். "பெரிய பிக்கப் வாங்கலாம்னு ஆரம்பிக்காதீங்க. இதை வாங்கினப்ப, இதுக்கு மேல வண்டியே கிடையாதுன்னு சர்ச்ல எழுந்து நின்னு சொன்னீங்க."

நானூற்று இருபதுதானே என்று நினைத்தேன். குறைப்பது என்ன பெரிய விஷயம்? தேவையில்லாத சாமானை எடுத்தால் போயிற்று. வீட்டில் தேவையில்லாத சாமான் எது? ஆர்லீஸின் சாமான்.

பின்கோடிச் சமையலறையின் அலமாரிகளில் ஊறுகாய் ஜாடிகளை அடுக்கியிருந்தாள். வெள்ளரிக்காய், பீட்ரூட், புளித்த முட்டைக்கோஸ். அரிசோனாவில் வெள்ளரிக்காயே விளையாது என்று நினைத்தாளோ என்னவோ. செவ்வாய்க்கிழமை அவள் தையல் கூட்டத்துக்குப் போனதும் வேலையைத் தொடங்கினேன். முன்வரிசை ஜாடிகளை விட்டுவிட்டுப் பின்வரிசைகளை மட்டும் உருவினேன். எழுபத்திரண்டு ஜாடி. என் பழைய தபால் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். ஜாடிக்கு மூன்று பவுண்டு இரண்டு அவுன்ஸ். அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த தையல் மெஷினையும் சேர்த்து இருநூற்று அறுபது பவுண்டு. எல்லாவற்றையும் பக்கத்துப் பண்ணை டெல்மரின் கொட்டகையில் ஒளித்து வைத்தேன். தையல் மெஷின் இருந்த இடத்தில் அட்டைப் பெட்டி ஒன்றை வைத்து அவளுடைய துணியால் மூடினேன். நானே அசந்துபோனேன், அவ்வளவு நேர்த்தி.

டெல்மர் என் பால்ய சிநேகிதன். அவனுக்கு எதையும் ரகசியமாக வைத்துக்கொள்ளத் தெரியும், பசி எடுக்காதவரை.

"யோவ், மாட்டினா என்னய்யா பண்ணுவ?"

"மாட்டவே மாட்டேன். எடை குறைஞ்சதும் 'பார்த்தியா, மேடையில முதல்ல ஏதோ கோளாறு'ன்னு சொல்லிடுவேன்."

இரண்டாவது ஞாயிறு. மேடை ஏறினோம். நான் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் ஆரஞ்சு பறித்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, கண்ணைத் திறங்க."

10,520.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. இருநூற்று அறுபது பவுண்டை இறக்கியிருக்கிறேன். எடை நூறு பவுண்டு ஏறியிருக்கிறது! வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. கேட்டால் ஜாடி வெளியே வந்துவிடும்.

"ஆச்சரியமா இருக்கே" என்றாள் ஆர்லீஸ். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

அடுத்த மூன்று நாள் எனக்குத் தூக்கமில்லை. பனி படிந்து ஏறியிருக்குமா? கூரையைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. எலி புகுந்திருக்குமா? நூறு பவுண்டு எலி டகோடாவில் கிடையாது. தண்ணீர்த் தொட்டியைத் தட்டினேன், காலி. ஆர்லீஸ் ரகசியமாகக் கல் எதையாவது ஏற்றுகிறாளோ என்று ஒவ்வொரு அறையாகத் துழாவினேன். பழைய ஹேர்ப்பின் ஒன்று கிடைத்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு கட்டத்தில் எனக்கு அரிசோனாவே மறந்துவிட்டது. எடுத்தால் ஏறுகிற எடை எப்படிப்பட்ட எடை? அது தெரியாமல் செத்துப்போய்விடுவேனோ என்று பயமாக இருந்தது.

புதன்கிழமை காலை பொறுக்க முடியாமல் காப்பி மேஜையில் ஆரம்பித்தேன்.

"ஆர்லீஸ், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஒருத்தன் வண்டியில இருந்து சாமானை எடுத்தா எடை ஏறுமா?"

அவள் எழுந்து போய் ஒரு கஜக்கோலைக் கொண்டுவந்தாள். காப்பி டின்னைப் படுக்க வைத்து அதன்மேல் கோலைக் குறுக்கே வைத்தாள். ஒரு முனையில் என் கையை வைக்கச் சொன்னாள்.

"டின்னுதான் டிரெய்லர் சக்கரம். உங்க கைதான் பிக்கப். இப்ப மறுமுனையில இதை வைக்கறேன்." ஒரு ஜாடியை வைத்தாள். "உங்க பக்கம் என்ன ஆகுது?"

"மேல தூக்குது."

"ஜாடிய எடுத்தா?"

"கீழ... அடடா!"

"சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கற சாமான் பிக்கப்போட தோளைத் தூக்கிப் பிடிக்குதுங்க. என் ஊறுகாய்தான் இத்தனை நாள் உங்க வண்டியைத் தாங்கிட்டிருந்துச்சு."

நான் அசந்து உட்கார்ந்துவிட்டேன். என்ன அழகான விஷயம்! சின்னப்பிள்ளை மாதிரி மறுபடியும் வைத்துப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது தடவை எடுக்கும்போதுதான், நிறுத்த அன்று ஜாடியின் மூடியில் நான் பென்சிலால் எழுதிய எடையைக் கவனித்தேன். பீட்ரூட். டெல்மரின் கொட்டகையில் நான் ஒளித்து வைத்த பீட்ரூட்.

"இது... எப்படி?"

"டெல்மர் ரெண்டு ஜாடியைத் தின்னுட்டான். சட்டையெல்லாம் சிவப்பு. ரத்தமோன்னு பதறிப்போய் அவன் பொண்டாட்டி எனக்கு போன் பண்ணினா."

கையும் ஜாடியுமாகப் பிடிபட்டேன். இருந்தாலும் மூளை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அப்ப ஒண்ணு பண்ணலாம்! பின்னாடி பத்து மூட்டை மணலை ஏத்திட்டா..."

"ஏத்தினா வண்டி வாலாட்டும். காத்தடிச்சா உங்களையும் சேர்த்துப் புரட்டிப் போடும். அஞ்சுல ஒரு பங்கு முன்னாடி இருந்தே ஆகணும்." கோலை மடியில் வைத்துக்கொண்டாள். "அது இருக்கட்டும். கழுத்துக்கு அடியில இருக்கற அறையில என்ன வச்சிருக்கீங்க? நேரா பிக்கப் தோள்மேல?"

சொன்னேன். இன்றியமையாத பொருள்கள் மட்டும்தான். ஜெனரேட்டர். பட்டறைக் கல். பௌலிங் பந்து இரண்டு. லாட எறி விளையாட்டுக்கு இரண்டு ஜோடி லாடம். நாலு டின் நிறைய நட்டும் போல்ட்டும்.

"அரிசோனாவுல பட்டறைக் கல் எதுக்குங்க?"

"ஏதாவது வளைஞ்சா நிமிர்த்த."

"எது வளையும்?"

முந்நூற்று நாற்பது பவுண்டு ஆண்மையும் அன்று மாலையே கொட்டகைக்குப் போயிற்று. ஊறுகாயும் தையல் மெஷினும் ராஜ மரியாதையோடு திரும்பி வந்தன. சாய்வு நாற்காலிகளையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவை சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கின்றன, இருந்தாலும் ஒன்றுதான் எடுத்தாலும் ஒன்றுதான் என்றாள். கணப்பைக் கேட்டேன். சுவரோடு ஆணி அடித்தது. கழற்றினால் சுவரும் வரும்.

கடைசி ஞாயிறு வந்தது. ஃபார்கோவிலிருந்து வெர்னாவும் வந்திருந்தாள், இரண்டு பெட்டிகளோடு. தோற்றால் எங்களை உடனே கூட்டிப்போக வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. சர்ச்சில் அன்று நான் வேண்டியதைப் போல வாழ்நாளில் வேண்டியதில்லை. டெல்மரும் மேடையருகே வந்து நின்றான். சட்டையில் இன்னும் லேசாகச் சிவப்பு.

10,140.

"நூத்தி நாப்பது" என்றாள் ஆர்லீஸ். "எடுக்கறதுக்கு இனிமே ஒண்ணும் இல்லைங்க. நம்ம ரெண்டு பேரைத் தவிர."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

"அப்படின்னா நீ ஏன் கஷ்டப்படணும்? மூணு நாள் ரோட்டுப் பயணம், இடுப்பு வலிக்கும். நீ விமானத்துல சொகுசா வந்துடேன். வண்டியை நான் பார்த்துக்கறேன்."

"அட, உங்களுக்கு எம்மேல இவ்வளவு அக்கறையா? இருங்க, இறங்கிப் பார்க்கறேன்."

இறங்கினாள். பலகை மாறியது. 10,020.

"இன்னும் இருபது அதிகம்" என்றான் டெல்மர், கேட்காமலே.

"இப்ப நான் ஏறிக்கறேன். நீங்க இறங்குங்க" என்றாள் ஆர்லீஸ்.

"நான் எதுக்கு?"

"ஒரு பேச்சுக்குத்தான்."

இறங்கினேன். பிக்கப் 'அப்பாடா' என்று ஒரு அங்குலம் நிமிர்ந்தது. பலகையில் எண்கள் விறுவிறு என்று ஓடின. நிற்கவே மாட்டேன் என்றன. ஒருவழியாக 9,880-இல் நின்றன.

டெல்மர் விரல்விட்டு எண்ணினான். "பத்தாயிரத்து நூத்தி நாப்பதுல இருந்து... யோவ், இருநூத்தி அறுபது! லைசென்ஸ்ல இருநூத்திப் பத்துன்னு போட்டிருக்க?"

"அது துணியெல்லாம் சேர்க்காம."

"அம்பது பவுண்டுக்கா துணி போட்டிருக்க?"

ஆர்லீஸ் ஓட்டுநர் சீட்டுக்கு நகர்ந்தாள். பதினாலு வயசிலிருந்து அறுவடை லாரி ஓட்டியவள், கண்ணாடிகளைத் திருப்பி வைத்துக்கொண்ட தோரணையே தனி. "அக்கா, சும்மா ஏறிப் பாரேன். நூத்தி இருபது பவுண்டு இடம் இருக்கு."

வெர்னா வந்து ஏறினாள். அந்த வயலோரத்தில், அக்டோபர் குளிரில், அவள் தலையில் அகலமான வைக்கோல் தொப்பி ஒன்று இருந்தது. அதை அவள் சர்ச்சுக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நான்தான் கவனிக்கவில்லை.

10,000.

கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டெல்மர் கை தட்டினான். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"ரெண்டு பேர் ஏறி உட்கார்ந்து பத்தாயிரத்துக்குள்ள காட்டணும்" என்றாள் ஆர்லீஸ். "அதானேங்க ஒப்பந்தம்?"

"நாம ரெண்டு பேரும்னு சொன்னோம்!"

"நீங்கதானே இப்ப ஒரு ஆள் வண்டியில வேண்டாம்னு ஆரம்பிச்சீங்க?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆனாலும் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஜன்னலருகே போய் மெதுவாகக் கேட்டேன்.

"எப்படி ஆர்லீஸ்? பவுண்டு பிசகாம எப்படித் தெரியும் உனக்கு?"

"லாரியப் பார்த்தே எடை சொல்லுவேன். உங்களை நாப்பத்தொரு வருஷமா பார்க்கறேனே." சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தட்டினாள். "மனசைத் தளர விடாதீங்க. நூத்தி நாப்பது பவுண்டு குறைச்சிட்டு வாங்க. அன்னைக்கே அக்காவை விமானத்துல அனுப்பிடறேன். இந்த சீட்டு உங்களுக்குத்தான். நீங்க இல்லாம எனக்கு மட்டும் நல்லாவா இருக்கும்?"

அதைச் சொன்னபோது அவள் கண் கொஞ்சம் கலங்கியது. அது நிஜம்தான் என்று இன்றுவரை நம்புகிறேன். வெர்னாவின் வீட்டில் குழாய் உறைந்துவிடாமலும் பூனை பட்டினி கிடக்காமலும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்பது அப்புறம்தான் பேச்சில் வந்தது. வெர்னாவின் வீட்டுச் சாவி ஏற்கனவே என் கோட்டுப் பையில் இருந்தது.

இப்போது ஜனவரி. ஃபார்கோவிலிருந்து எழுதுகிறேன். காலையில் பனி வாருகிறேன். பூனை ஜன்னலில் உட்கார்ந்து மேற்பார்வை செய்கிறது. வெர்னாவின் அலமாரியில் ரொட்டியைத் தவிர எதுவும் இல்லை என்பதால் முதல் மூன்று வாரத்தில் பதினாலு பவுண்டு இளைத்தேன். சந்தோஷம் தாங்காமல் அன்றைக்கே ஆர்லீஸுக்குக் கடிதம் எழுதினேன். இதே வேகத்தில் போனால் ஜூன் மாதம் நான் அரிசோனாவில் இருப்பேன் என்று கணக்கும் போட்டு அனுப்பினேன்.

கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாள் சாயங்காலம் வாசல் மணி அடித்தது. வெர்னாவின் சர்ச்சைச் சேர்ந்த ஒரு அம்மாள், கையில் ஆவி பறக்க ஒரு பெரிய தட்டு. மாட்டிறைச்சி, காளான் சூப், மேலே பொன்னிறமாகப் பொரிந்த உருளைக்கிழங்கு, அதற்கும் மேலே சீஸ். எங்கள் பக்கத்து ஹாட்டிஷ். ஆர்லீஸ் போன் பண்ணினாளாம், நீங்கள் தனியாகக் கஷ்டப்படுகிறீர்கள் என்றாளாம். மறுநாள் இன்னொரு அம்மாள், இன்னொரு தட்டு. அந்த லூத்தரன் சர்ச்சுப் பெண்கள் முறை போட்டிருக்கிறார்கள். ஈஸ்டர் வரை பட்டியல் இருக்கிறது. தட்டை மீதியோடு திருப்பிக் கொடுத்தால் அவர்கள் முகம் வாடுகிறது, எனக்குத் தாங்கவில்லை.

இன்றைக்குக் குளியலறைத் தராசு இருநூற்று எழுபத்தொன்பது காட்டியது. தபாலில் ஆர்லீஸின் அட்டை வந்தது. படத்தில் ஆரஞ்சு மரம், அடியில் என் சாய்வு நாற்காலிகள் இரண்டு, இரண்டிலும் ஆள். பின்பக்கம் அவள் அழகான கையெழுத்தில் ஒரே வரி:

"நல்லா சாப்பிடுங்க. இளைச்சுப் போயிடாதீங்க."